பத்து விழுக்காட்டுக்குக் கீழே

வரதய்யபாளையத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். தடா அருவிக்குப் போகிற வழி என்பார்கள். இல்லையென்றால் ஸ்ரீ சிட்டிக்குப் பக்கத்து ஊர் என்பார்கள். அருவிக்கும் ஊருக்கும் நடுவில், ஊருக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று மேற்கொண்டு கேட்டுப் பாருங்கள். "அங்க என்ன சார் இருக்கு, முள்ளுக்காடு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். படித்தவர், படிக்காதவர், சுற்றுச்சூழல் ஆர்வலர், நிலத்தரகர் எல்லாரும் ஒத்துப்போகிற விஷயங்கள் நம் நாட்டில் அபூர்வம். இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். எல்லாருமே தவறாகச் சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

வழிப்போக்கர் பேச்சு மட்டும் என்றால் விட்டுத்தள்ளலாம். அரசாங்கக் கணக்கும் அதையே சொல்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில், மரங்களின் நிழல் தரையில் பத்து விழுக்காடுகூட மூடாத வனநிலம் 'புதர்' என்ற பத்தியில் போய் விழுகிறது. சீரழிந்த வனநிலம் என்பதுதான் அந்தப் பத்திக்கு அறிக்கை தரும் விளக்கம். காட்டுப் பரப்பைக் கூட்டும்போது அது சேராது. ஆனால் ஒரு ஹெக்டேரில் வரிசை பிடித்து நட்ட தைலமரத் தோப்பு சேரும். காளஹஸ்தியிலிருந்து சத்தியவேடு வரை சாலையோரம் நிற்கிற அந்தத் தோப்புகளில் அடியில் புல் முளைக்காது, மேலே கூடு இருக்காது. அறிக்கையின் கண்ணுக்கு அது காடு. பக்கத்தில் நூறு வகைச் செடிகொடி பின்னிக் கிடக்கும் புதர் காட்டில் சேர்த்தியில்லை.

நிலக்கணக்குப் பக்கம் போனால் இன்னும் மோசம். மத்திய நிலவளத் துறையும் ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையமும் 2000 முதல் தரிசு நில வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு வருகின்றன. அதில் அடர்ந்த புதர்நிலமும் தரிசு, திறந்த புதர்நிலமும் தரிசு. 2019 பதிப்பின்படி நாட்டில் 5.5 கோடி ஹெக்டேருக்கு மேல், அதாவது நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு தரிசு. காகிதத்தில் தரிசு என்று ஏறிவிட்ட நிலத்துக்கு இரண்டு கதிதான் உண்டு. மரம் நடுவார்கள், அல்லது ஆலை கட்டுவார்கள். எதைச் செய்தாலும் வீணாய்க் கிடந்ததை உருப்படியாக்கினார்கள் என்ற பாராட்டு நிச்சயம்.

சரி, அங்கே என்னதான் இருக்கிறது?

தடாவில் கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பி, வரதய்யபாளையம் தாண்டி, கம்பாக்கம் குன்றுகளின் அடிவாரத்தில் இறங்கி நடந்தால் பல இடங்களில் தலைக்கு மேல் போகாத ஒரு காடு காலைப் பிடிக்கும். உள்ளூரில் அதைச் சிட்டடவி என்பார்கள். சத்தியவேட்டுப் பக்கம் 1960 ஏப்ரல் வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த நிலம். இன்றும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. செடிகளுக்கும் இரண்டு மொழியிலும் பெயர் உண்டு. காரை, களா, சூரை, சொத்தைக்களா என்று முள்ளுள்ளவை ஒரு கூட்டம். விராலி, நிலக்குமிழ், காட்டெலுமிச்சை என்று முள்ளில்லாததும் அரைமுள்ளுமாக இன்னொரு கூட்டம். இவற்றின் மேல் பிரண்டையும் மிளகரணையும் படரும். இடையிடையே சதுரக்கள்ளி நிற்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் காசான், வீரை, உசில், உலக்கைப்பாலை. கோடையில் காசான் பூக்கும்போது இலைக்கடியில் கிளையோடு ஒட்டினாற்போல நீலம் அப்பிக் கிடக்கும். அப்படி ஒரு நீலத்தை எந்தப் பூங்காவும் வைத்திருக்கவில்லை. களாப்பூவின் வாசனை மல்லிகைக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். உலக்கைப்பாலை பழுக்கும் மாதத்தில் மரத்தடியில் குரங்கு, குழந்தை, கரடி என்று யார் முதலில் வந்தாலும் வயிறு நிறையும்.

இந்தச் செடிகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது, தரிசு வரைபடம் தயாரிக்கிறவர்கள் கவனிக்காத விசித்திரம். ஆண்டில் பாதி மாதம் மழை கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தக்காணத்தில் தேக்கு அப்படித்தான் செய்கிறது. சோழமண்டலக் கரையில் காசானும் வீரையும் பாலையும் மே மாத வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன. இலைகள் சிறியவை, தோல்போலத் தடித்தவை, மெழுகு பூசியவை. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது புது இலை விட்டுக்கொண்டிருந்தால் மழை போய்விடும். இருக்கிற இலையோடு தயாராக நிற்கும் மரம் முதல் மழையன்றே வேலையைத் தொடங்கும். கோடை நடுவே எப்போதாவது பெய்யும் ஒற்றை மழையையும் அது வீணாக்காது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் மெஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் இந்த மழைமுறையையும் இந்தக் காட்டையும் சேர்த்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சாம்பியன், சேத் இருவரும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உலகில் வெகு சில கரைகளில் மட்டுமே காணக்கூடிய வகை. நம் வீட்டு வாசலில் இருப்பதால் முள்ளுக்காடு ஆகிவிட்டது.

அடியில் வாழ்கிற உயிர்களைப் பார்ப்போம். உடும்பு, அலுங்கு, தேவாங்கு, நரி, நட்சத்திர ஆமை, சுருட்டை விரியன், ஆணுக்குத் தொண்டையில் விசிறி விரியும் ஓணான். புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். ஒன்பது நிறம் பூசிய அந்தப் பறவை தேடுவது புதருக்கடியில் மக்கிக் கிடக்கும் சருகை. சருகு இருக்கிற இடம் வேண்டும் அதற்கு, கூட்டிப் பெருக்கிய தோப்பு வேண்டாம். புற்று ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. முதல் மழைக்குப் பிறகு அதிலிருந்து ஈசல் கிளம்பும் மாலையில், ஏனாதி, இருளர் பழங்குடிக் குடும்பங்கள் மட்டுமா வருகின்றன? தவளை, பக்கி, கரிச்சான், கீரி எல்லாம் அதே விருந்துக்கு வரும்.

இந்த நிலத்தில் ஒன்றுமில்லை என்று நம்பாத ஒரு தரப்பும் இருக்கிறது. கடத்தல்காரர்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிற நட்சத்திர ஆமைகளுக்கு வறண்ட புதர்நிலம்தான் பிறந்த வீடு. 2019இல் அந்த ஆமைக்குப் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இடம் கொடுக்க வேண்டி வந்தது. செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதிச் சரிவுகளில்தான், அதுவும் கல்லும் சரளையுமாக, வேறெதுவும் விளையாது என்று நாம் கைவிட்ட சரிவுகளில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த மரத்தின் பெயரால்தான். ஒன்றுமில்லாத காட்டுக்காக ஏன் இத்தனை பிணம்?

மறுபக்கம் என்ன சொல்லும் என்று தெரியும். "இதெல்லாம் ஒருகாலத்தில் பெருங்காடாக இருந்தது, வெட்டி வெட்டிப் புதராகிவிட்டது, அதைத்தானே சீரழிவு என்கிறோம்?" இந்தக் கேள்வியில் உண்மை உண்டு. வெட்டியது உண்மை. யார் வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதராஸ் பட்டணத்தின் அடுப்பெரிந்தது இந்தக் கரையோரக் காடுகளால். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணத்துக்குப் போயிற்று. ஏனாதிகள் கூலிக்கு வெட்டினார்கள். இத்தனை காலம் வெட்டியும் அந்தக் காடு சாகவில்லை என்பதுதான் எதிர்க்கட்சி கவனிக்க மறுக்கிற சங்கதி. காசானும் வீரையும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்ப்பவை. மேலே ஆறடிப் புதராகத் தெரிவது கீழே பழைய வேராக இருக்கலாம். 1969இல் விண்வெளி நிலையத்துக்காக அந்தத் தீவு தேர்வாயிற்று, 1971இல் முதல் ராக்கெட் கிளம்பிற்று. ஏனாதிகள் வெளியேற்றப்பட்டார்கள், அந்த அநியாயத்தை இந்தக் கட்டுரையின் வசதிக்காக மறைக்க நான் தயாரில்லை. வேலி விழுந்த பிறகு வெட்டு நின்றது. இன்று நாட்டில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் மிகப் பெரிய தொடர்ச்சியான பரப்பு அங்கேதான் இருக்கிறது. வரதய்யபாளையத்திலிருந்து பார்த்தால் புலிகாட் ஏரிக்கு அந்தப் பக்கம்.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரையும் காரையும் ஆக்கிரமித்துவிட்டதால் நல்ல மரம் எழும்பவில்லை என்று சொல்லிப் புதரை இயந்திரம் வைத்து வழிப்பது வழக்கமாகிவிட்டது. ஆடு மேய்கிற நிலத்தில் வீரைக் கன்றோ பாலைக் கன்றோ எங்கே பிழைத்து நிற்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். முள்புதரின் நடுவில்தான் நிற்கும். கொண்டைக்குருவி களாப்பழத்தையும் பாலைப்பழத்தையும் தின்றுவிட்டு அந்தப் புதரில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. விதை நிழலில் விழுகிறது, ஈரம் காக்கிறது, ஆட்டின் வாய் எட்டாமல் வளர்கிறது. புதரை வழித்துவிட்டுக் கன்று நடுகிறவர் நாற்றங்காலை இடித்துவிட்டு நாற்று வாங்கப் போகிறவர்.

புதரைச் சீரழிவு என்று காணும் இந்தப் பார்வையை வெள்ளைக்காரன்தான் விதைத்தான் என்று எளிதாக முடித்துவிடலாம். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் வருவது பாலை என்று சிலப்பதிகாரமே சொல்லிவிட்டது. வறண்ட நிலம் என்றால் நல்ல நிலம் கெட்டுப்போனது என்ற எண்ணம் நமக்கும் பழையது. ஆனால் நம் பழைய கவிகள் பாலைக்கும் ஒரு பறவை, ஒரு விலங்கு, ஒரு மரம், ஒரு பொழுது என்று கருப்பொருள் வகுத்துக் கொடுத்தார்கள். பத்தியை வெறுமையாக விடவில்லை. அந்த மரியாதை வன அறிக்கையில் இல்லை.

இனி, மரம் நிறைந்தால் எல்லா உயிருக்கும் நல்லது என்கிற வாதம். கேட்கச் சுகமானது, ஆனால் ஒரு பறவையின் கதை அதை மறுக்கிறது. ஜெர்டான் என்ற மருத்துவர், நெல்லூரில் வேலை பார்த்தவர், அனுப்பிய ஒரு பறவை 1848இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. இரவில் புதருக்கிடையே ஓடித் திரியும் பறவை. தெலுங்கில் கலிவிகோடி, கலிவி என்பது களாச்செடி. 1900க்குப் பிறகு அதைப் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. அழிந்தேவிட்டது என்றுதான் நினைத்தார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டம் ரெட்டிப்பள்ளிப் பக்கம் உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் விளக்கடித்து ஒன்றைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காகத் தேடிக்கொண்டிருந்த பரத் பூஷண் அதை அடையாளம் கண்டார். பின்னர் ப. ஜெகநாதன் முதலான ஆய்வாளர்கள் தரையில் மெல்லிய மண்ணைப் பரப்பிக் காலடித் தடம் பிடித்தும், தானியங்கிக் கேமரா வைத்தும் அதைத் தொடர்ந்தார்கள். தெரிய வந்தது இது: புதர் அடர்ந்துவிட்டால் அந்தப் பறவை இருக்காது, முழுக்க வெட்டிவிட்டாலும் இருக்காது. புதருக்கும் புதருக்கும் நடுவே வெறுந்தரை வேண்டும். அந்த வெறுந்தரையைத்தான் நாம் மரம் நட்டு நிரப்பத் துடிக்கிறோம்.

தெலுங்கு கங்கைக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்ட 2005இல் மண் இயந்திரங்கள் இந்தப் பறவையின் இடத்துக்குள் புகுந்தன. விஷயம் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு வரை போய், கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. அதே திட்டத்தின் தண்ணீர் கண்டலேறிலிருந்து புறப்பட்டு, காளஹஸ்தி, சத்தியவேடு என்று இந்த வட்டாரம் வழியாகத்தான் பூண்டிக்கு வந்து சேர்கிறது. சென்னைக்காரர் குழாயைத் திறக்கும்போது இந்தக் கதையில் அவருக்கும் பங்கு உண்டு.

சென்னைக்குள்ளேயே சாட்சி வேண்டுமானால் கிண்டி. 1978இல் தேசியப் பூங்காவான அந்தச் சிறு நிலமும் புதர்க்காடுதான். அங்கே வெளிமானுக்குப் போலோ மைதானம் எனப்படும் புல்வெளி உயிர்நாடி. புதரும் மரமும் அந்தப் புல்வெளிக்குள் நெருங்க நெருங்க, நிழலில் மேயும் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், வெளியில் ஓடும் வெளிமானுக்குத் திண்டாட்டம். பசுமை கூடியதைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

நட்டு நிரப்பும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பழைய பாடம் இருக்கிறது. ரிச்சர்ட் ஹென்றி பெடோம் மதராஸ் மாகாணத்து வன அதிகாரி, பெரிய இயற்கை ஆய்வாளர். திருப்பதி மலைப் பாறையிடுக்கில் வாழும் பொன்பல்லியை 1870இல் பெயரிட்டு உலகுக்குச் சொன்னவர் அவர். இந்த மலைகளுக்கே உரிய ஒரு சைகஸ் தாவரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த வறண்ட நிலத்தின் உயிர்களை அவரைவிட நெருங்கி அறிந்தவர் அந்தக் காலத்தில் குறைவு. அதே பெடோம்தான் 1876இல், வறண்ட பகுதிகளில் விறகுக்காக நடுவதற்கு ஒரு மரத்தின் விதை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். விதை வந்தது, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். சீமைக்கருவேலம். இன்று ராமநாதபுரம் கண்மாய்க்காரரிடம் போய் அந்த நல்லெண்ணத்தைப் பாராட்டிப் பேசிப் பாருங்கள். உயிர்களை ஒவ்வொன்றாக அறிந்த ஒருவரே நிலத்தை மொத்தமாகப் பார்த்தபோது அதில் ஒரு குறையைத்தான் கண்டார். வறட்சியைக் குறை என்று எண்ணுகிற பழக்கம் அவ்வளவு ஆழமானது.

சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மூடிய இடங்கள் வரதய்யபாளையத்தைச் சுற்றியும் இருக்கின்றன. அவை சீரழிந்தவை, சந்தேகமில்லை, அங்கே கைவைக்கத்தான் வேண்டும். அந்த நிலத்தையும் காசானும் களாவும் நிற்கும் நிலத்தையும் ஒரே நிறத்தில் வரைபடத்தில் தீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

வேலைவாய்ப்புப் பேச்சுக்கு வருகிறேன். 2008இல் தொடங்கிய ஸ்ரீ சிட்டி சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. காலையில் அந்த நிறுவனப் பேருந்துகளில் ஏறும் பெண்களின் முகத்தைப் பார்த்தவன் ஆலை வந்திருக்கக் கூடாது என்று எழுத மாட்டான். நானும் எழுதவில்லை. ஆலைக்கு நிலம் எடுப்பது ஒரு முடிவு. அதில் ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுகிறோம். முன்பு அங்கே எதுவுமே இருந்ததில்லை என்று சொல்லிவிட்டால் இழப்புக் கணக்கே எழுத வேண்டியதில்லை. வேறெங்கோ ஈடாக நடப்படும் காட்டுக்குப் பணம் ஒதுக்க 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பணம் பெரும்பாலும் தேடிப் போவது மரமில்லாத நிலத்தை. அதாவது இன்னொரு புதர்நிலத்தை. ஒரு சிட்டடவியை அழித்ததற்குப் பரிகாரமாக இன்னொரு சிட்டடவியில் குழி தோண்டுகிறோம்.

சுற்றுலாக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உப்பலமடுகு என்கிற தடா அருவியில் குளிக்க வருகிறவர்கள் பாட்டிலை விட்டுவிட்டுப் போகிறார்கள். அது தனி வருத்தம். பூநாரை பார்க்கச் சூலூர்ப்பேட்டைக்கும் நேலப்பட்டுக்கும் வருகிறவர்கள் நல்லவர்கள். அவர்கள் கேமரா புதர்நிலத்தைக் கடக்கும்போது பையில் தூங்குகிறது. புலிகாட் ஏரிக்கு நன்னீர் கொண்டுவரும் ஆரணியாறும் காளங்கியும் மேற்கேயிருந்து, இந்தப் பக்கத்துக் குன்றுகளின் நீரைச் சுமந்துகொண்டு வருகின்றன. சரிவில் புதர் இருக்கும்வரை மழை மண்ணில் இறங்கி மெதுவாக வரும். வழித்துவிட்டால் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும்.

கடைசியாக ஒரு சமாதானம் மிச்சமிருக்கிறது: சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம், புலிகாட் சரணாலயம், இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, போதாதா? போதாது. நாம் காப்பாற்றியிருப்பது மலையையும் ஏரியையும். கலிவிகோடி மலைமேல் ஏறாது. அடிவாரத்துச் சமவெளிப் புதரில் ஓடுகிற பறவை. நட்சத்திர ஆமையும் நரியும் அப்படித்தான். ஆய்வாளர்கள் எம்.டி. மதுசூதன், அபி வனக் இருவரும் இந்தியாவின் வறண்ட திறந்தவெளி இயற்கை நிலங்களை வரைபடமாக்கி 2022இல் வெளியிட்டார்கள். மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதில் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் வருவது ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. மலைக்கும் ஏரிக்கும் நடுவில், வரதய்யபாளையம் இருக்கும் இந்தத் தாழ்நிலம், மிச்சமுள்ள தொண்ணூற்றைந்தில் இருக்கிறது. அடுத்த தரிசு நிலத் தொகுப்பு வரும்போது அதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்பது வனத்துறையும் நிலவளத் துறையும் இன்றைக்கே திருத்திவிடக்கூடிய சங்கதி. சட்டம் மாற்ற வேண்டாம், பணம் ஒதுக்க வேண்டாம். 'புதர்' என்ற பத்தியை இரண்டாகப் பிரித்து, அந்நியச் செடி மூடியது ஒன்று, இயற்கையாகவே குட்டையாக நிற்பது ஒன்று என்று ஆட்களை அனுப்பி எழுதச் சொன்னால் போதும்.